உலக சாம்பியன்... ஆனால் வேலை தபால்காரர்! உள்ளரங்க பவுல்ஸ் விளையாட்டு வளர்ந்ததும் நின்றதும் எப்படி?

2022 ஆகஸ்ட் 2. பர்மிங்காம் காமன்வெல்த் போட்டி. லவ்லி சௌபே, பிங்கி, நயன்மோனி சைக்கியா, ரூபா ராணி திர்க்கி என்ற நான்கு பெண்கள் தென்னாப்பிரிக்காவை 17-10 என்று வீழ்த்தி இந்தியாவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தார்கள். செய்தியைப் படித்தவர்களில் பலருக்கு சந்தோஷத்துக்கு முன்னாடி ஒரு கேள்விதான் வந்தது: "அது என்னப்பா, லான் பவுல்ஸ்?"

அடுத்த நாளே அவர்களைப் பற்றிய விவரங்கள் வந்தன. லவ்லி போலீஸ் வேலையில் இருப்பவர். நயன்மோனி வனத்துறையில். பிங்கி உடற்கல்வி ஆசிரியை. ரூபா ராணி விளையாட்டுத் துறை அதிகாரி. வேலைக்குப் போய்க்கொண்டே பயிற்சி எடுத்து, லீவு போட்டு வந்து ஜெயித்தவர்கள். இந்தியாவில் கிரிக்கெட்டைத் தவிர மற்ற விளையாட்டுகளின் தலையெழுத்தே இதுதான் என்று பலரும் பெருமூச்சு விட்டார்கள்.

ஆனால், விஷயம் இந்தியாவோடு முடியவில்லை. இந்த விளையாட்டின் தாய்வீடான பிரிட்டனிலும் நிலைமை ஏறக்குறைய இதேதான். அங்கே 1979 முதல் பரிசுப் பணத்தோடு, டிவி கேமராக்களுக்கு முன்னால், புரொஃபஷனல் உலக சாம்பியன்ஷிப் நடக்கிறது. அதில் ஜெயித்தவர்களின் பட்டியலில் பள்ளி ஆசிரியர் இருக்கிறார், தபால்காரரும் இருக்கிறார். கூடவே பிறந்த ஸ்னூக்கரும் டார்ட்ஸும் கோடிகளில் புரள, உள்ளரங்க பவுல்ஸ் மட்டும் ஏன் ஒரு கடற்கரை விடுதியோடு நின்றுபோனது? அந்தக் கதையில் எல்லா சின்ன விளையாட்டுகளுக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

முதலில், ஆட்டம் எப்படி?

தெருவில் கோலி ஆடியவர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். முதலில் ஒரு சின்ன பந்தை உருட்டி விடுவார்கள். அதன் பெயர் ஜாக். அது குறைந்தது 23 மீட்டர் தூரமாவது போய் நிற்க வேண்டும். அதன்பிறகு ஆளுக்கொரு பந்தாக மாறி மாறி உருட்ட வேண்டும். ஒற்றையர் ஆட்டத்தில் ஆளுக்கு நான்கு பந்துகள். கடைசியில் யாருடைய பந்து ஜாக்குக்கு மிக அருகில் நிற்கிறதோ, அவருக்குப் புள்ளி. எதிராளியின் சிறந்த பந்தைவிட அருகில் எத்தனை பந்துகள் இருக்கின்றனவோ அத்தனை புள்ளிகள். இது ஒரு சுற்று. அடுத்த சுற்று எதிர்ப்பக்கத்திலிருந்து.

கேட்க சாதாரணமாகத்தான் இருக்கும். சூட்சுமம் பந்தில் இருக்கிறது. பவுல்ஸ் பந்து முழு உருண்டை அல்ல. ஒரு பக்கம் லேசாக வேறு வடிவத்தில் சீவப்பட்டிருக்கும். அதனால் அது நேராகப் போகாது. வேகம் குறையக் குறைய ஒரு பக்கமாக வளைந்து வரும். இதற்கு பயாஸ் என்று பெயர். எடையில் எந்த வித்தியாசமும் கிடையாது, எல்லாம் வடிவத்தில்தான். ஜாக்கைப் பார்த்து நேராக உருட்டினால் பந்து வேறு எங்கோ போய் நிற்கும். வெளியே வீசி, வளைத்து உள்ளே கொண்டுவர வேண்டும். வழியில் எதிராளியின் பந்து மறித்தால் அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், இல்லையென்றால் வேகமாக அடித்து மொத்தக் கூட்டத்தையும் கலைக்க வேண்டும். கேரமில் கடைசிக் காய்க்கு ஸ்ட்ரைக்கரை வைத்துக்கொண்டு யோசிப்பதைப் போன்ற தவிப்பு இங்கே ஒவ்வொரு பந்துக்கும் உண்டு.

இன்னொரு விசித்திரம். மைதானம் வேகமாக இருந்தால் பந்து ஓடி நிற்க அதிக நேரம் எடுக்கும். தரையில் உராய்வு குறைவு என்பதால் வீரர் மெதுவாக உருட்டினாலே போதும். பந்து நிதானமாக, அகலமாக வளைந்து போய் நிற்கும். புல் அடர்ந்த ஈரமான மைதானத்தில் பலமாக உருட்ட வேண்டும், வளைவும் குறையும். இந்த வித்தியாசம் தெரிந்தால்தான் உள்ளரங்க ஆட்டம் ஏன் தனிக் கலை என்பது புரியும்.

புல்லிலிருந்து கம்பளத்துக்கு

பவுல்ஸ் பிரிட்டனில் பல நூற்றாண்டுகளாக ஆடப்படும் விளையாட்டு. எட்டாம் ஹென்றி காலத்தில், 1541-ல், சாதாரண தொழிலாளிகள் இதை ஆடக் கூடாது என்று சட்டமே போட்டார்கள். வேலையையும் வில் பயிற்சியையும் விட்டுவிட்டு ஆடிக்கொண்டே இருக்கிறார்கள் என்பது அரசாங்கத்தின் கவலை. அந்தச் சட்டம் ஒழிக்கப்பட்டது 1845-ல்தான். அதற்குச் சில ஆண்டுகளுக்குள் கிளாஸ்கோவைச் சேர்ந்த டபிள்யூ.டபிள்யூ. மிட்செல் என்ற வழக்கறிஞர் இன்றைய ஆட்டத்துக்கு அடிப்படையான விதிகளை எழுதினார். இந்த விளையாட்டில் ஸ்காட்லாந்துக்கு உள்ள உரிமை அங்கிருந்து தொடங்குகிறது.

பிரச்சினை, பருவநிலை. புல்வெளி ஆட்டத்துக்கு பிரிட்டனில் கோடைக்காலம் மட்டும்தான் கிடைக்கும். அக்டோபர் வந்தால் பந்துகளைப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டியதுதான். அந்த வெறுப்பில்தான் கூரைக்குக் கீழே ஆடும் முயற்சிகள் தொடங்கின. இதில் கிரிக்கெட் ரசிகர்களுக்குத் தெரிந்த ஒரு பெயர் வருகிறது: டபிள்யூ.ஜி. கிரேஸ். தாடி வைத்த அந்த கிரிக்கெட் ஜாம்பவான் வயதான பிறகு பவுல்ஸ் பைத்தியமாகிவிட்டார். 1903-ல் உருவான இங்கிலாந்து பவுலிங் சங்கத்தின் முதல் தலைவர் அவர்தான். லண்டன் கிரிஸ்டல் பேலஸில் கம்பளம் விரித்து உள்ளரங்கில் ஆட வைத்தவர்களிலும் அவர் முக்கியமானவர்.

கம்பளம் வந்ததும் ஆட்டத்தின் குணமே மாறியது. காற்று இல்லை, மழை இல்லை, மேடு பள்ளம் இல்லை. தரை எப்போதும் ஒரே வேகம். ஜாக்கும் வெளியரங்க ஜாக்கைவிடக் கனமானது, லேசாகத் தட்டினால் எங்கேயோ ஓடிவிடாது. ஆக, "காத்து அடிச்சிருச்சு, தரை சரியில்லை" என்று சாக்குச் சொல்ல முடியாது. தவறு நடந்தால் அது வீரரின் கையில் நடந்த தவறுதான்.

சிகரெட் கம்பெனி வந்த கதை

உள்ளரங்க பவுல்ஸ் எழுபதுகளின் கடைசி வரை கிளப்புகளுக்குள் நடக்கும் குளிர்காலப் பொழுதுபோக்குதான். அதை டிவிக்குக் கொண்டுவந்ததில் ஒரு சட்டத்துக்கும் பங்கு உண்டு. 1965 ஆகஸ்ட் 1 முதல் பிரிட்டிஷ் டிவியில் சிகரெட் விளம்பரம் தடை செய்யப்பட்டது. விளம்பரம்தானே கூடாது, விளையாட்டுப் போட்டியின் பெயரில் சிகரெட் பெயர் இருந்தால்? பிபிசியில் விளம்பரமே கிடையாது, ஆனால் போட்டியின் பெயரை அறிவிப்பாளர் சொல்லித்தானே ஆக வேண்டும்!

இப்படித்தான் 'எம்பஸி' என்ற சிகரெட் பிராண்ட் மூன்று உள்ளரங்க விளையாட்டுகளுக்குள் நுழைந்தது. 1976-ல் உலக ஸ்னூக்கர். 1978-ல் உலக டார்ட்ஸ். 1979-ல் உலக உள்ளரங்க பவுல்ஸ். எம்பஸியைத் தயாரித்தது வில்ஸ் நிறுவனம். இந்திய கிரிக்கெட் வீரர்களின் சட்டையில் தொண்ணூறுகளில் இருந்த அதே 'வில்ஸ்' பெயர்தான். 1996 உலகக் கோப்பைக்கே 'வில்ஸ் உலகக் கோப்பை' என்று பெயர் இருந்ததை அந்தத் தலைமுறை மறந்திருக்காது. உத்தி இரண்டு நாடுகளிலும் ஒன்றேதான்.

டிவிக்கும் இந்த விளையாட்டுகள் வசதியாக இருந்தன. சின்ன இடம், நல்ல வெளிச்சம், மழையால் ரத்தாகாது, நாலைந்து கேமரா போதும். 1982 நவம்பரில் சேனல் 4 வரும்வரை பிரிட்டனில் மொத்தமே மூன்று சேனல்கள்தான். குளிர்கால மதியத்தில் டிவியைப் போட்டால் பவுல்ஸ் ஓடும், பார்த்துத்தான் ஆக வேண்டும். பார்க்கப் பார்க்கப் பிடித்தும் போனது.

1979: பைப் வைத்த வாத்தியார்

முதல் உலக உள்ளரங்க சாம்பியன்ஷிப் நடந்த இடம், கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் உள்ள கோட்பிரிட்ஜ். ஒரு காலத்தில் இரும்பு உலைகளுக்குப் பேர்போன தொழிலாளர் நகரம். அங்கிருந்த உள்ளரங்க கிளப்பில் கோப்பையைத் தூக்கியவர் இங்கிலாந்தின் டேவிட் பிரையன்ட். 1979, 1980, 1981 என்று தொடர்ந்து மூன்று முறை.

பிரையன்ட் 1931-ல் சாமர்செட்டின் கிளீவ்டன் ஊரில் பிறந்தவர். பள்ளி ஆசிரியராக இருந்தவர். வாயில் எப்போதும் ஒரு பைப், ஆடும்போது பெரும்பாலும் பற்ற வைக்காமலே. தரையோடு தரையாகக் குந்தி உட்கார்ந்து, மெல்ல எழுந்து, ஒரு அடி முன்னால் வைத்து பந்தை விடுவார். அந்தக் குந்தல் அவருடைய முத்திரையாகவே ஆகிப்போனது.

உள்ளரங்கில் மட்டும் பெரிய ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. காமன்வெல்த் போட்டிகளில் 1962, 1970, 1974, 1978 ஆகிய நான்கு முறையும் ஒற்றையர் தங்கம் அவருக்குத்தான். இடையில் 1966-ல் பவுல்ஸே நடக்கவில்லை. அதே 1966-ல் புல்வெளி உலக சாம்பியன்ஷிப் ஒற்றையரை வென்றார். பிறகு 1980-லும் 1988-லும் மறுபடி வென்றார். 1966-க்கும் 1988-க்கும் நடுவே 22 வருடம்! 2020 ஆகஸ்ட்டில் தனது 88-வது வயதில் அவர் காலமானபோது, இந்த விளையாட்டில் இதுவரை வந்தவர்களில் மிகப் பெரியவர் என்றே பலரும் அவரை நினைவுகூர்ந்தார்கள்.

அவருக்கு அடுத்து வந்த பெரிய ஆள் டோனி ஆல்காக். 1986, 1987 ஆண்டுகளில் உலக உள்ளரங்க ஒற்றையர் சாம்பியன். பிரையன்ட்டும் ஆல்காக்கும் ஜோடி சேர்ந்து இரட்டையர் பட்டத்தை 1986 முதல் 1992 வரையிலான காலத்தில் ஆறு முறை வென்றார்கள். குருவும் சிஷ்யனும் ஒரே அணியில் ஆடி வருஷா வருஷம் ஜெயித்ததைப் போன்ற காட்சி. ஆல்காக் அதோடு நிற்கவில்லை. 2002-ல், பதினைந்து வருட இடைவெளிக்குப் பிறகு, ஒற்றையர் பட்டத்தை மூன்றாவது முறையாக வென்று எல்லோரையும் அசர வைத்தார்.

ஸ்காட்லாந்தின் ராஜ்ஜியம்

பிரையன்ட்டின் தொடர் வெற்றியை 1982-ல் முடித்து வைத்தவர் ஸ்காட்லாந்தின் ஜான் வாட்சன். அடுத்த ஆண்டு இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர், பாப் சதர்லாந்து. 1984-ல் அயர்லாந்தின் ஜிம் பேக்கர், 1985-ல் வேல்ஸின் டெர்ரி சல்லிவன். அதன்பிறகு ஸ்காட்லாந்தின் அலை ஓயவே இல்லை. 1979 முதல் 2023 வரை வழங்கப்பட்ட ஆண்கள் ஒற்றையர் பட்டங்களில் ஏறத்தாழ பாதி, ஐம்பது லட்சத்துச் சொச்சம் மக்கள் தொகை கொண்ட அந்தச் சின்ன நாட்டுக்குத்தான் போயிருக்கிறது.

ரிச்சர்ட் கோர்ஸி 1989, 1991, 1993 என மூன்று முறை உலக சாம்பியன். தலைப்பில் உள்ள தபால்காரர் இவர்தான். எடின்பரோவில் கடிதம் கொடுத்துக்கொண்டிருந்தவர். காலையில் கடிதப் பை, மாலையில் பவுல்ஸ் பந்து. 1994-ல் கனடாவின் விக்டோரியாவில் நடந்த காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கத்தையும் வென்றார்.

ஸ்காட்லாந்தில் பிறந்து இங்கிலாந்துக்காக ஆடிய ஆண்டி தாம்சனின் கதை இன்னும் சுவாரசியம். 1994, 1995 ஆண்டுகளில் அடுத்தடுத்து சாம்பியன். பிறகு 2012-ல், ஐம்பதைத் தாண்டிய வயதில், மறுபடியும் சாம்பியன். வேறு எந்த புரொஃபஷனல் விளையாட்டில் முதல் பட்டத்துக்கும் கடைசிப் பட்டத்துக்கும் நடுவே 18 வருடம் இடைவெளி இருக்க முடியும்?

எல்லோரையும்விட அதிகமாக வென்றவர் அலெக்ஸ் மார்ஷல். 1999, 2003, 2004, 2007, 2008, 2015 என்று ஆறு ஒற்றையர் பட்டங்கள். அவரை விரட்டிக்கொண்டே வந்தவர் சக நாட்டுக்காரர் பால் ஃபாஸ்டர். 1998, 2001, 2005, 2011, 2017 என்று ஐந்து. வருடம் முழுக்க ஒருவரையொருவர் வீழ்த்தப் பார்க்கும் இந்த இருவரும் நாட்டுக்காக ஆடும்போது ஜோடி. 2006 மெல்போர்னிலும் 2014 கிளாஸ்கோவிலும் காமன்வெல்த் இரட்டையர் தங்கத்தைச் சேர்ந்து வென்றார்கள். 2018 கோல்ட்கோஸ்ட்டில் நால்வர் பிரிவில் வென்றபோது மார்ஷலின் காமன்வெல்த் தங்கங்களின் எண்ணிக்கை ஐந்தானது. காமன்வெல்த் வரலாற்றில் ஸ்காட்லாந்தின் மிக வெற்றிகரமான வீரர் என்ற பெருமை ஒரு பவுல்ஸ் ஆட்டக்காரருக்குக் கிடைத்தது.

பட்டியலை இன்னொரு விதமாகவும் படிக்கலாம். 2023 வரையிலான ஆண்கள் ஒற்றையர் சாம்பியன்களில் பிரிட்டன், அயர்லாந்து தீவுகளுக்கு வெளியிலிருந்து வந்தவர் ஒரே ஒருவர்: 1992-ல் வென்ற ஆஸ்திரேலியாவின் இயன் ஷுபேக். பெயர் உலக சாம்பியன்ஷிப், ஆனால் உலகம் கொஞ்சம் சின்னது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பவுல்ஸ் மிகப் பெரிய விளையாட்டுதான். ஆனால், குளிர் கடுமையாக இல்லாததால் அங்கே உள்ளரங்கின் தேவை குறைவு. ஜனவரியில் அவர்களுக்கு வெளியில் நல்ல வெயில்!

பெண்களுக்கான தனிப் பட்டம் எண்பதுகளின் கடைசியில்தான் வந்தது. கெர்ன்சி என்ற குட்டித் தீவின் அலிசன் மெரியனும் இங்கிலாந்தின் காத்தரின் ரெட்னாலும் அதில் ஒருமுறைக்கு மேல் வென்றவர்கள். உடல் பலத்தைவிடக் கைநுட்பமே பெரிதாக இருக்கும் விளையாட்டில் பெண்களுக்கு மேடை பத்து வருடம் தாமதமாகக் கிடைத்தது என்பது பெருமைப்பட வேண்டிய விஷயம் அல்ல.

டிவிக்காக மாறிய ஆட்டம்

ஆரம்பத்தில் யார் முதலில் 21 புள்ளி எடுக்கிறாரோ அவர் வெற்றியாளர். கிளப்பில் இது சரி. டிவியில் சிக்கல். ஒருவர் 15-3 என்று முன்னிலை போய்விட்டால் மீதி ஆட்டத்தை யார் பார்ப்பார்கள்? அதனால் டென்னிஸைப்போல செட் முறை வந்தது. இப்போதைய முறையில் ஒரு செட்டுக்கு ஒன்பது சுற்றுகள், மொத்தம் இரண்டு செட். ஆளுக்கொரு செட் என்றால் மூன்று சுற்று டைபிரேக். முதல் செட்டில் மண்ணைக் கவ்வியவரும் இரண்டாவது செட்டில் எழுந்து வரலாம். கடைசிப் பந்து வரை யாரும் டிவியை அணைக்க முடியாது.

இந்த மாற்றத்தைப் பழைய ஆட்கள் சிலர் ரசிக்கவில்லை. பொறுமையாக ஆடித் தேய்த்து ஜெயிப்பதுதான் பவுல்ஸ், இது அவசர சமையல் என்பது அவர்கள் வாதம். வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால், பார்ப்பவர் இல்லாமல் புரொஃபஷனல் விளையாட்டு கிடையாது. பிரையன்ட் ஆடிய ஆட்டமும் மார்ஷல் ஆடிய ஆட்டமும் ஒரே அளவுகோலில் வராது என்பதை ஏற்றுக்கொண்டால், இரண்டையுமே ரசிக்கலாம்.

விடுதிக்குள் ஓர் உலகக் கோப்பை

கோட்பிரிட்ஜில் தொடங்கிய போட்டி பிறகு பிரெஸ்டன் நகரின் கில்ட் ஹாலுக்குப் போனது. தொண்ணூறுகளின் கடைசியில் இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரையில், நார்ஃபோக்கின் ஹாப்டன் ஆன் சீ என்ற ஊரிலுள்ள பாட்டர்ஸ் விடுமுறை விடுதிக்கு வந்தது. அன்றிலிருந்து ஜனவரி என்றால் பாட்டர்ஸ்தான்.

கணக்கு எளிமையானது. ஜனவரியில் பிரிட்டிஷ் கடற்கரைக்கு யாரும் வர மாட்டார்கள், அறைகள் காலியாகக் கிடக்கும். பவுல்ஸ் ரசிகர்களில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்கள், அவர்களுக்கு ஜனவரியில் லீவு கேட்க வேண்டியதில்லை. வந்து தங்குவார்கள், சாப்பிடுவார்கள், உலக சாம்பியன்களைக் கையெட்டும் தூரத்தில் பார்ப்பார்கள், நேரம் கிடைத்தால் தாங்களும் ஒரு ஆட்டம் போடுவார்கள். விடுதிக்கு வருமானம், போட்டிக்கு வீடு. பிரிட்டனில் புகையிலை ஸ்பான்சர்ஷிப் சட்டப்படி முடிவுக்கு வந்து, சிகரெட் காசில் வளர்ந்த போட்டிகள் எல்லாம் வேறு வாசல் தேட வேண்டிவந்த காலத்தில், பவுல்ஸுக்கு இப்படி ஒரு கூரை கிடைத்தது பெரிய விஷயம்தான்.

அந்தச் சின்ன அரங்கிலிருந்தும் உலகம் திரும்பிப் பார்க்கும் தருணங்கள் வரத்தான் செய்கின்றன. 2023 ஜனவரியில் நிக் பிரெட் உருட்டிய ஒரு பந்து, போகவே முடியாது என்று தோன்றிய இரண்டு பந்துகளின் இடுக்கில் நெளிந்து புகுந்து ஜாக்கிடம் போய்ச் சேர்ந்தது. பவுல்ஸ் என்ற வார்த்தையே தெரியாதவர்கள்கூட அந்த வீடியோவை சமூக வலைதளங்களில் பகிர்ந்தார்கள். ஆனால், வீடியோவைப் பார்த்தவர்களை டிக்கெட் வாங்கும் ரசிகர்களாக மாற்றுவது வேறு வேலை.

அண்ணன்கள் வளர்ந்தார்கள், தம்பி ஏன் வளரவில்லை?

மூன்று விளையாட்டுகளையும் ஒரே சிகரெட் கம்பெனிதான் தொடக்கத்தில் தாங்கியது. இன்று ஸ்னூக்கருக்கு சீனா என்ற மாபெரும் சந்தை இருக்கிறது. டார்ட்ஸில் 2025 ஜனவரியில் 17 வயது லூக் லிட்லர் உலக சாம்பியனாகி 5 லட்சம் பவுண்டு வாங்கினார். பவுல்ஸ் சாம்பியன்களில் பலர் திங்கள்கிழமை வேலைக்குத் திரும்புகிறார்கள்.

காரணங்கள் சில தெளிவாகவே தெரிகின்றன. முதலாவது, இடம். டார்ட்ஸ் பலகையை எந்த மதுக்கூடச் சுவரிலும் மாட்டலாம். ஸ்னூக்கர் மேசையை ஒரு ஹாலில் போடலாம். உள்ளரங்க பவுல்ஸுக்கு முப்பது மீட்டருக்கு மேல் நீளமுள்ள சமதளக் கம்பளமும், அதற்கு மேல் கூரையும், சூடேற்றும் செலவும் வேண்டும்.

இரண்டாவது, ஆள். ஸ்னூக்கரையும் டார்ட்ஸையும் பேரி ஹெர்ன் என்ற வணிகர் கையில் எடுத்து, பாட்டு, வெளிச்சம், கூட்டம் என்று திருவிழாவாக மாற்றினார். பவுல்ஸுக்கு அப்படி ஒருவர் அமையவில்லை.

மூன்றாவது, வயது. பவுல்ஸ் ரசிகர்களும் கிளப் உறுப்பினர்களும் பெரும்பாலும் மூத்தவர்கள். விளம்பரதாரர்கள் தேடுவது இளைஞர்களை. இத்தனைக்கும் சாம்பியன்களில் இளைஞர்கள் இல்லாமல் இல்லை. பார்வையாளர்களின் வயதை வைத்து விளையாட்டின் வயதைத் தீர்மானித்துவிட்டார்கள்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. உலக சாம்பியன் அடுத்த வாரம் உள்ளூர் கிளப்பில் எழுபது வயதுத் தாத்தாவோடு ஆடும் விளையாட்டு வேறு எது இருக்கிறது? ஐம்பது வயதில் கோப்பை வாங்கலாம், பெண்ணும் ஆணும் ஒரே ஜோடியாக ஆடலாம், பார்வையற்றோரும் மாற்றுத்திறனாளிகளும் அதே தரையில் போட்டியிடலாம். பணம் குறைவாக இருப்பதால்தான் இந்த நெருக்கம் தப்பிப் பிழைத்தது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி கசப்பானது. ஒரே ஒரு பெரிய போட்டி, ஒரே ஒரு விடுதி, டிவியின் கருணை என்ற மூன்று தூண்களில் மட்டும் ஒரு புரொஃபஷனல் விளையாட்டு நிற்கக் கூடாது.  

கிளாஸ்கோ 2026: இந்தியாவுக்கு என்ன?

காமன்வெல்த் போட்டிகளில் 1930 முதல், 1966-ஐத் தவிர, எல்லா முறையும் பவுல்ஸ் இருந்திருக்கிறது. எல்லாமே திறந்தவெளியில். 2026 கிளாஸ்கோ போட்டிக்குச் செலவைக் குறைக்க விளையாட்டுகளின் எண்ணிக்கையைப் பத்தாகச் சுருக்கினார்கள். ஹாக்கி, பேட்மிண்டன், மல்யுத்தம், துப்பாக்கி சுடுதல் என்று இந்தியா பதக்கம் குவிக்கும் பலவும் வெட்டுப்பட்டன. பவுல்ஸ் தப்பியது. ஆனால், ஒரு மாற்றத்தோடு: காமன்வெல்த் வரலாற்றிலேயே முதல் முறையாக அதை உள்ளரங்கில், கம்பளத்தில் நடத்துவதுதான் திட்டம்.

கோட்பிரிட்ஜில் 1979-ல் தொடங்கிய கதை, சில மைல் தள்ளியிருக்கும் கிளாஸ்கோவில் இப்படி ஒரு வட்டம் போடுகிறது. உள்ளரங்க ஆட்டத்துக்கு இதைவிடப் பெரிய மேடை இதுவரை கிடைத்ததில்லை. ஸ்காட்லாந்துக்கு இது சொந்த வீட்டுத் திண்ணை.

இந்தியாவுக்கு? 2010 டெல்லி காமன்வெல்த்தை ஒட்டித்தான் இந்த விளையாட்டு இங்கே தீவிரமாகக் கால் ஊன்றியது. அடுத்த ஆண்டு ஜார்க்கண்டில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டி ராஞ்சிக்கு ஒரு மைதானத்தைக் கொடுத்தது. பன்னிரண்டே வருடத்தில் அங்கிருந்து தங்கம் வந்தது. அந்தத் தங்கம் வந்தது புல்வெளியில். கம்பளம் வேறு வேகம், வேறு வளைவு. புல்லில் பழகிய கை கம்பளத்துக்குத் தனியாகப் பழக வேண்டும். அதற்கு அந்தத் தரையில் ஆடும் வாய்ப்பு முதலில் கிடைக்க வேண்டும். பதக்கம் வந்த பிறகு மாலை போடுவதில் இந்தியா சளைத்ததில்லை. பதக்கத்துக்கு முன்னால் ஒரு கம்பளம் விரித்துக் கொடுப்பதுதான் அவசரத் தேவை.

உள்ளரங்க பவுல்ஸின் நாற்பத்தைந்து வருடக் கதை சொல்வது இதுதான். டிவியும் ஸ்பான்சரும் ஒரு விளையாட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுவரலாம், அவை போனபிறகும் அதைத் தாங்குவது கிளப்புகளும் தரையும்தான். பிரையன்ட்டையும் கோர்ஸியையும் மார்ஷலையும் உருவாக்கியது பரிசுப் பணம் அல்ல, ஊருக்கு ஊர் இருந்த கிளப்புகள், வருடம் முழுக்கப் பந்து உருட்ட ஒரு இடம். தபால்காரரும் உலக சாம்பியன் ஆக முடிந்தது அதனால்தான். போலீஸ் வேலையில் இருப்பவரும் வனத்துறை ஊழியரும் மறுபடி ஜெயிக்க வேண்டுமென்றால், அவர்களுக்கும் தேவை அதேதான்: டியூட்டி முடிந்ததும் போய் உருட்ட, பக்கத்தில் ஒரு தரை.